ஆறு நாளில் செய்த கிடார்

காலை ஒன்பதரை மணிக்குள் அத்தைக்கு மூன்று போன் வந்துவிட்டது. மூன்றும் அண்ணியிடமிருந்து.

"சாயங்காலம் மறந்துடாதேம்மா" என்பது முதல் போன். "நான் சொன்னேன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதே" என்பது இரண்டாவது. முதல் போனில் அண்ணி எதுவுமே சொல்லவில்லையே, எதைச் சொல்லாமல் இருப்பது என்று அத்தை மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்தது.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். சொன்னா வாயில இருக்குற முத்து உதிர்ந்துடுமா?"

"அண்ணி, அந்தக் கிடார நான் இன்னும் கண்ணாலயே பாக்கல."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? கிடார் மாதிரிதான் இருக்கு."

அத்தை போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வாத்தியக் கடையின் பின்கட்டில் பத்தொன்பது வருஷமாக எலக்ட்ரிக் கிடார்களைச் சோதித்துப் பார்க்கிறவள் அவள். அவள் மடியில் ஏறி இறங்காமல் ஒரு கிடாரும் அந்தக் கடையில் விலைக்குப் போனதில்லை. நல்லதென்றால் நல்லது, மட்டமென்றால் மட்டம். முதலாளியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் மாற்றிச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளுக்குச் சொந்தக் குடும்பத்திலிருந்தா இந்தச் சோதனை வரவேண்டும்!

போன சனிக்கிழமை மேடையில் நடந்த கூத்துதான் எல்லாவற்றுக்கும் காரணம். அண்ணனின் ஒரே மகள், வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடுகிற இருபத்து மூன்று வயசுக்காரி, தன் குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தாள். மூன்று பாட்டில் மூன்று முறை ஸ்ருதி பிசகியது. மூன்றாவது முறை மைக்கைப் பிடித்து, "எங்கப்பா செஞ்ச கிடாரு. அப்படித்தான் இருக்கும்" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பாதிக் கச்சேரியில் எழுந்து போன மனுஷர், மறுநாள் காலையில் தன் கிடார்ப் பட்டறையில் புகுந்தவர்தான். வாலுவும் அன்றிலிருந்து வீட்டுப் பக்கம் வரவில்லை. குழுவில் டிரம்ஸ் அடிக்கிற தோழியின் அறையில் டேரா போட்டுவிட்டாள்.

அந்தப் பழைய கிடாரின் பிரிட்ஜ், அதாவது தந்திகள் வந்து உட்காருகிற அந்த உலோகத் தகடு, ஸ்பிரிங்கில் மிதக்கிற வகை. கூடவே ஒரு கைப்பிடி இருக்கும். அதை அழுத்தினால் தகடு சாயும், ஸ்வரம் வளையும். வேலைப்பாடு ஜோர்தான், ஆனால் கொஞ்சம் அசந்தால் ஸ்ருதி ஓடிவிடும் என்று பெயர் வாங்கிய வகை.

"ஆடுற பிரிட்ஜ் இருந்தாதானே ஸ்ருதி ஓடும்? ஆடாத பிரிட்ஜ் வெச்சு ஒண்ணு செய்யுறேன். அப்புறம் யார் மேல பழி போடுறான்னு பாக்குறேன்" என்று அண்ணன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி அதை ஒரு சொல் விடாமல் போனில் மகளுக்கு ஒப்பித்திருக்கிறாள். மகள் சும்மா விடுவாளா?

"அத்தை பாத்துச் சொல்லட்டும். நல்லாருக்குன்னு சொன்னா அதையே எடுத்துட்டு மேடை ஏறுறேன், வீட்டுக்கும் வர்றேன். நல்லால்லன்னு சொன்னா, ஜென்மத்துக்கும் என் கிடார்ல அவர் கை வைக்கக் கூடாது. நானும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அப்பாவும் சரி என்றுவிட்டார். நடுவில் அத்தை என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று யாருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி. மூன்றரைக்குப் பட்டறையில் தீர்ப்பு.

அத்தைக்கு வாலு வீட்டுக்கு வரவேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். அதற்காக ஒரு மட்டமான கிடாரை நல்லது என்று சொல்ல நாக்கு வளையுமா என்பதுதான் தெரியவில்லை.

போதாக்குறைக்கு அன்று பார்த்து ஒரு வாடிக்கையாளர், ஒரே மாதிரி இரண்டு கிடாரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உயிரை வாங்கினார்.

"இதுல சிவப்புதான் நல்லா கேக்குது மேடம்."

"சிவப்புக்கு ஆம்ப்ல சத்தம் கூட வெச்சிருக்கீங்க."

"இல்ல மேடம், சிவப்புல ஒரு உருக்கம் இருக்கு."

அத்தை எழுந்து போய் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் இரண்டுக்கும் சத்தத்தைச் சமமாக வைத்து, அவரைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினாள். எது சிவப்பு என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் கறுப்பைச் சொன்னார். கடைசியில் சிவப்பைத்தான் வாங்கிக்கொண்டு போனார். மனுஷ ஜாதியோடு மல்லுக்கு நிற்க அவளுக்கு அன்று தெம்பில்லை.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு வாலுவே வந்து நின்றாள். முதுகில் கிடார் பை இல்லாமல் அவளைப் பார்ப்பதே என்னவோ போலிருந்தது. சட்டைக் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"அதெல்லாம் ஆச்சு. அத்தை, ஒரு விஷயம்."

"நீயுமா? உங்கம்மா காலையிலயே மூணு தடவை ஆரம்பிச்சாச்சு. சொல்லு, நீ எதுக்கு வந்திருக்க? நல்லாருக்குன்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா?"

வாலு சிரிக்கவில்லை. "நல்லால்லன்னு சொல்லிடுங்க."

அத்தைக்குச் சுருக்கென்றது. "ஏன்டி, பெத்த அப்பாவ இன்னொரு தடவை கவுக்கணுமா உனக்கு? மேடையில கவுத்தது போதலையா?"

"அதில்ல அத்தை. எனக்கு ஆடாத பிரிட்ஜ் ஒத்து வராது. அவ்வளவுதான்."

"வாசிச்சே பாக்காம எப்படித் தெரியும்?"

"தெரியும்."

மேஜை மேல் அந்தப் பழைய கிடார் கிடந்தது. கச்சேரி முடிந்த மறுநாள் பழுது பார்க்கச் சொல்லி வாலுவே கொண்டுவந்து போட்டதுதான். ஒரு வாரமாக அத்தை அதை ஆட்டாத ஆட்டம் இல்லை. கைப்பிடியைப் பிடித்து நூறு தடவை அழுத்தினாள், இழுத்தாள், தந்தியை மாற்றினாள். ஸ்ருதி கம்மென்று நின்ற இடத்தில் நின்றது. மேடையில் மட்டும் ஏன் அப்படிப் படுத்தியது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. விளக்குச் சூடாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"இதுல ஒரு கோளாறும் இல்ல. நீ அப்பாகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டு இதையே எடுத்துட்டுப் போலாம்" என்றாள் அத்தை.

"அத்தை, ப்ளீஸ். நல்லால்லன்னு சொல்லுங்க, போதும்." சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று போய்விட்டாள். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, வீம்பில் ஒரு மாற்றுக் குறையவில்லை என்று அத்தை அவள் போன திசையைப் பார்த்துப் பொருமினாள்.

மூன்றரைக்குப் பட்டறைக்குப் போனபோது எல்லோரும் ஏற்கெனவே ஆஜர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சுவர் முழுக்க உளி, அரம், கவ்வி. அண்ணன் ஒரு மூலை, வாலு எதிர் மூலை. நடுவில் அண்ணி, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசிக் கழுத்து சுளுக்கிக்கொண்டு நின்றாள். வாசற்படியில் டிரம்ஸ்காரத் தோழி, கையில் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ வந்து அரை மணி ஆச்சான்னு கேளு" என்றார் அண்ணன், அண்ணியிடம்.

"கால் மணிதான் ஆச்சுன்னு சொல்லும்மா" என்றாள் மகள்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? என்னை எதுக்கு நடுவுல போட்டு அரைக்கிறீங்க!" என்று அண்ணி வெடித்தாள்.

அத்தை கைப்பையை ஆணியில் மாட்டினாள். "நான் கிடாரைக் கீழ வைக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா அப்படியே எழுந்து போயிடுவேன்."

அண்ணன் துணியை விலக்கிக் கிடாரை எடுத்துக் கொடுத்தார். மினுக்கு கினுக்கு ஒன்றும் இல்லை. மரத்தின் நிறம், மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. பிரிட்ஜ் பலகையோடு பலகையாகத் திருகி இறுக்கப்பட்டிருந்தது. தந்திகள் பலகையைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் போய் முடிந்தன. அசைவதற்கு அதில் ஒரு சாமானும் இல்லை.

அத்தை ஆம்பில் சொருகவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். முதலில் வெறும் மரத்தைக் கேட்க வேண்டும். வாரை மாட்டி நின்று இரண்டு கையையும் விட்டாள். சில கிடார் தலைப்பக்கம் கவிழ்ந்து தொங்கி இடது தோளைக் கழற்றிவிடும். இது நின்றது.

உட்கார்ந்து பலகையின் மேல் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியாகத் தட்டினாள். எலும்பு வழியாகச் சத்தம் பல்லுக்கு வந்தது. பிறகு கழுத்தில் குறுக்கே பதித்திருந்த ஒவ்வொரு உலோகக் கட்டையிலும் ஒவ்வொரு தந்தியையும் அழுத்திப் பார்த்தாள். எங்காவது ஸ்வரம் பிசகும், எங்காவது கிர்ரென்று உரசும் என்று காத்திருந்தாள். உரசவில்லை. வலது உள்ளங்கையைப் பிரிட்ஜ் மேல் அழுத்தி வைத்துத் தாளமாக வெட்டி வாசித்தாள். மிதக்கிற பிரிட்ஜில் இப்படிக் கையை ஊன்றினால் ஸ்வரம் நழுவும். இதில் தரையில் கால் ஊன்றின மாதிரி இருந்தது.

ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். விநாடி முள் பாதிச் சுற்றைத் தாண்டியும் அது ஓயவில்லை.

அப்புறம்தான் ஆம்பைப் போட்டாள். சத்தத்தைக் குறைத்து, கூட்டி, கரகரப்பை ஏற்றி, இறக்கி எல்லா விதமாகவும் படுத்திப் பார்த்தாள். தடித்த தந்தி இறுக்கமாகப் பேசியது, குழறவில்லை. மெல்லிய தந்தி காதைக் குத்தவில்லை. ஆறு தந்தியையும் ஒன்றாக மீட்டிய கோர்டுக்குள் ஆறு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்டன.

குறை என்று சொன்னால், தந்திகள் கொஞ்சம் விறைப்பு. மிதக்கிற பிரிட்ஜ் போல வளைந்து கொடுக்காது, விரல் உழைக்க வேண்டும். அது இந்த வகையின் சுபாவம். கழுத்தோ உள்ளங்கையில் அத்தனை சுகமாக உட்கார்ந்தது. அண்ணன் வழக்கமாகச் செய்கிற தடியான கழுத்து இல்லை. மகளோடு பேச்சு வார்த்தை இல்லாததால் மனுஷர் ஆறு நாளும் அண்ணியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிடித்துப் பார்க்கச் சொல்லி இழைத்திருக்கிறார், தாய்க்கும் மகளுக்கும் ஒரே அளவு கை என்று. இரண்டு நாள் முன்னால் கடைத்தெருவில் பார்த்தபோது அண்ணி இதைச் சொல்லித்தான் புலம்பினாள்.

இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அத்தைக்கு உள்ளுக்குள் துள்ளியது. பொய் சொல்லவே வேண்டாம்! பத்தொன்பது வருஷத்தில் அவள் மடிக்கு வந்த கிடார்களில் இது முதல் பத்துக்குள் வரும். நல்லாருக்கு என்று உண்மையையே சொல்லிவிட்டு, பிள்ளையை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கென்று ஒரு முறை உண்டு, சனியன் பிடித்த முறை. வாசிக்கப் போகிறவர் கையில் ஒரு தடவை கேட்காமல் அவள் தீர்ப்புச் சொல்வதில்லை.

"வாலு, வா. நீ வாசி."

"நான் எதுக்கு? நீங்க பாத்தா போதும்னுதானே பேச்சு."

"மேடையில நானா வாசிக்கப் போறேன்? பிடி."

"வேண்டாம் அத்தை."

"அடியே, ரெண்டு நிமிஷம் வாசிச்சா உன் கிரீடம் இறங்கிடாது. பிடின்னா பிடி!"

வாலு டிரம்ஸ்காரியைப் பார்த்தாள். அவள் கடிகாரத்தைக் காட்டினாள். வேறு வழியில்லாமல் வாலு கிடாரை வாங்கி மாட்டிக்கொண்டாள். இரண்டு கோர்டு சுத்தமாக வந்தது. மூன்றாவதில் ஒரு ஸ்வரம் மட்டும் மேலே எகிறி, கோர்டே புளித்துப் போயிற்று.

அண்ணன் தலை நிமிர்ந்தது. அவர் எழுந்து வந்து ஸ்ருதி பார்க்கிற கருவியைக் கிடாரின் தலையில் கவ்வவிட்டார். வெறும் தந்தியைத் தட்டினார். பச்சை விளக்கு, ஸ்ருதி சரி. எல்லாத் தந்தியும் பச்சை.

வாலு மறுபடி வாசித்தாள். மறுபடி புளித்தது. மூன்றாவது முறையும் அதே இடத்தில்தான்.

அத்தைக்கு ஜிவ்வென்று ஏறியது. இதே இடறல்தான் போன சனிக்கிழமை மேடையிலும்! ஒரு வாரமாகப் பழைய கிடாரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் கோளாறு அகப்படாதது ஏன் என்று இப்போது புரிந்தது. கோளாறு கிடாரில் இருந்தால்தானே அகப்படும்? வாலுவின் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தியை நசுக்கிக்கொண்டிருந்தன. மூட்டு வெளுத்துப் போகும் அளவுக்கு அழுத்தம். அப்படி நசுக்கினால் எந்தக் கிடாரானாலும் ஸ்வரம் எகிறத்தான் செய்யும். மிதக்கிற பிரிட்ஜ் இருந்தவரை பழியைப் போட அதுவாவது இருந்தது. இங்கே பழி போட ஒன்றுமே இல்லை.

அண்ணனும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நாற்பது வருஷம் கிடாரோடு குடித்தனம் நடத்துகிற மனுஷர், இது கூடவா தெரியாது?

அத்தைக்குப் பக்கென்றது. போயிற்று, இப்போது ஆரம்பிக்கப் போகிறார். மேடையில் மைக்கைப் பிடித்து மானத்தை வாங்கினாளே, அதற்கு வட்டியோடு தீர்த்துக்கொள்ள இதைவிட நேரம் கிடைக்குமா? டிரம்ஸ்காரி வேறு நிற்கிறாள், அரை மணியில் குழு முழுக்கத் தெரிந்துவிடும். வாலு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

"என்னதான் ஆச்சு? ஏன் எல்லாரும் இப்படி ஊமையாட்டம் நிக்கிறீங்க?" என்றாள் அண்ணி. "நல்லாருக்கா, இல்லையா?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நல்லால்ல."

"என்னது?"

"கிடார் சரியில்ல. கட்டைய இறக்கும்போது அளவு தப்பிட்டேன். அவசரத்துல செஞ்சது. தப்பு என்னோடது." அவர் டிரம்ஸ்காரியின் பக்கம் திரும்பி, "நீ கூட்டிட்டுப் போம்மா, நேரமாச்சு. அங்க வேற நல்ல கிடார் இருக்குல்ல, அத வாசிக்கட்டும்" என்றார்.

அத்தைக்கு வந்த கோபத்தில் அண்ணன் என்றும் பாராமல் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அளவு தப்பினதாம்! ஒரு கட்டை தப்பவில்லை, ஒரு மயிரிழை தப்பவில்லை, இவள் காதால் கேட்டிருக்கிறாள். தன் வாயாலேயே தன் கிடாரை மட்டம் என்கிறாரே, பேச்சுப்படி இனிமேல் மகளின் கிடாரைத் தொட முடியாது, மகளும் வீட்டுக்கு வரமாட்டாள். இந்த மனுஷருக்குப் புத்தி கித்தி பேதலித்துவிட்டதா?

ஆனால் அவர் கண் மகளின் கை மேலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அத்தைக்குக் கோபம் இறங்கிவிட்டது. நாலு பேர் நடுவில் அவளை விட்டுக்கொடுக்க அந்த மனுஷருக்கு மனசு வரவில்லை. அவள் செய்தாள்தான். இவரால் முடியவில்லை.

"ஆறு நாள் என் கையப் பிடிச்சுப் பிடிச்சு அளந்துட்டு இப்ப தப்பா? அப்போ நான் நின்னதெல்லாம் எதுக்கு?" என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"அம்மா, சும்மா இரு."

வாலு கிடாரைக் கழற்றவில்லை. நேராக அப்பாவைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் அதுதான் முதல் தடவை.

"அப்பா பொய் சொல்றாரு அத்தை."

அவள் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு இடது கையை நீட்டினாள்.

"இந்த ரெண்டு விரலும் மரத்துப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. எவ்வளவு அழுத்துறேன்னே தெரியல. அன்னிக்கி மேடையிலயும் இதுதான். கிடார் மேல ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன்ப்பா. வாயில வந்தத சொல்லிட்டேன்."

டிரம்ஸ்காரியின் கையில் சாவி ஆடுவது நின்றது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து ஓயாமல் பேசிய வாய்.

அண்ணன் இரண்டே எட்டில் வந்து அந்தக் கையைப் பிடித்தார். மோதிர விரலின் நுனியை அழுத்தினார். "தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்லப்பா."

"ரெண்டு மாசமாவா? ரெண்டு மாசம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு... கழுத! ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?" அவர் குரல் உடைந்தது. திட்டுகிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அத்தை பக்கம் திரும்பினாள். "இன்னும் நீங்க சொல்லவே இல்லையே. சொல்லுங்க. கிடார் எப்படி இருக்கு?"

காலையிலிருந்து ஆளாளுக்கு அத்தையின் வாயைப் பிடுங்கியபோதெல்லாம் எரிச்சலோடு அடக்கி வைத்திருந்த வார்த்தை. இப்போது அதைச் சொல்ல அத்தைக்கு மூச்சுப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நல்லாருக்கு," என்றாள். "ரொம்ப நல்லாருக்குடி."

"அப்போ வீட்டுக்கு வரணும். பேச்சுன்னா பேச்சு" என்றாள் வாலு. பிறகு அப்பா பிடித்திருந்த கையை அப்படியே கிடாரின் கழுத்தைச் சுற்றி வைத்து விரல்களை மடக்கினாள். மூன்று பதமாகப் பதிந்தன. சுண்டு விரலும் மோதிர விரலும் மறுபடி மூட்டு வெளுக்க அழுந்தின. "மேடையும் ஏறணும்ல அத்தை? அதுவும் பேச்சுதானே? இந்த விரல வெச்சுக்கிட்டு எப்படி?"

மணி நாலே கால். வாசற்படியில் டிரம்ஸ்காரியின் போன் அடித்தது, அவள் எடுக்கவில்லை. அண்ணன் மகளின் கையை விடவே இல்லை.